கைப்பேசியின் பயனை முழுமையாகப் பெறுதல்

நமது சங்க அங்கத்தினர்களுள் பெரும்பாலோர் இல்லங்களில் இன்று ஸ்மார்ட்போன் இடம்பெற்றுவிட்டது. வெளியூரில் வேலை செய்யும் மக்கள் வாங்கி அனுப்பியதாயினும், நெசவுக் கூலியிலும் வாழைக்குலை விற்ற பணத்திலும் மிச்சம் பிடித்து வாங்கியதாயினும், அது பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள கருவியாகும். எனினும் பலர் அதனைப் பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும் மட்டுமே பயன்படுத்துகின்றனர். உழவு மாட்டை வாங்கித் தொழுவத்திலேயே கட்டித் தீனி போடுவது போன்றதே இது. பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலைப்பாட்டைக் கண்டு வியப்போர் உளியை மெச்சுவதில்லை. உளி பிடித்த கையையே மெச்சுகின்றனர். ஆகவே இக்கருவியை நம் தொழிலுக்கு எங்ஙனம் பயன்படுத்தலாம், அதனால் வரும் தீங்கினின்று எங்ஙனம் தப்பலாம் என்பதைச் சுருக்கமாக ஆராய்வோம்.

செயலி என்பது யாது?

கைப்பேசியில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்துதரும் ஏற்பாட்டையே செயலி என்கிறோம். ஒவ்வொரு செயலியும் தன் வேலைக்குச் சில அனுமதிகளைக் கேட்கும். வானிலை கூறும் செயலி நாம் இருக்கும் இடத்தை அறிய விரும்புவது நியாயமே. ஆனால் கடன் தருவதாகக் கூறும் செயலி, நம் உறவினர்களின் எண்களையும் நாம் எடுத்த படங்களையும் பார்க்க அனுமதி கேட்குமாயின், அது ஏன் என்று வினவுதல் வேண்டும். கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில், எந்தச் செயலிக்கு எந்த அனுமதி அளித்துள்ளோம் என்பதைக் காணலாம். வேண்டாததை நீக்கவும் செய்யலாம். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்று அவ்வப்போது எண்ணிப் பார்ப்பது போன்றது இது.

எழுதப் பழகாதோரும் அஞ்ச வேண்டியதில்லை. எழுத்துப் பலகையிலுள்ள ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழிற் பேசினால், பேசியது எழுத்தாகிவிடும். எழுத்து சிறியதாகத் தோன்றின், அமைப்புகளிலேயே அதனைப் பெரிதாக்கிக் கொள்ளலாம்.

விவசாயிகளுக்கு

தமிழ்நாடு அரசு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'உழவன்' செயலியில் மானியத் திட்டங்கள், விதை உர இருப்பு, சந்தை விலை, பயிர்க் காப்பீடு முதலிய விவரங்கள் தமிழிலேயே உள்ளன. 2019-இல் வெளிவந்த 'மேகதூத்' செயலியில், செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் புதுப்பிக்கப்படும் வேளாண் வானிலை ஆலோசனையைக் காணலாம். கன்னிப்பூ அறுவடையின்போதும், மருந்து தெளிக்கும் முன்பும், ரப்பர் பால்வெட்டுக்குச் செல்லும் முன்பும் இதனைப் பார்த்துக்கொள்வது கூலியையும் பொருளையும் காக்கும். 'தாமினி' என்னும் செயலி, அண்மையில் மின்னல் விழக்கூடிய அபாயத்தை எச்சரிக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தில் வாழையையும் ரப்பரையும் சாய்த்ததையும், கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பாததையும் நாம் மறக்கவியலாது. எச்சரிக்கை உரிய நேரத்தில் உரியவர் காதில் விழுவது உயிர் காக்கும் காரியமாகும்.

ரப்பர் வாரியம் கோட்டயம் சந்தை விலையைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஷீட் விற்கும் முன் அதனைப் பார்ப்பவருக்கும் பாராதவருக்கும் பேரம் ஒன்றாக இராது. இதற்குத் தக்க சான்று ஒன்றுண்டு. 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் கைப்பேசி படிப்படியாகப் பரவியது. அதற்குமுன், ஒரு கரையில் மத்தி மீன் விலைபோகாது வீணாக, சில மைல் தொலைவிலுள்ள மற்றொரு கரையில் மீன் கிடைக்காது வாங்குவோர் திரும்புவர். கைப்பேசி வந்தபின் மீனவர் கடலிலிருந்தே விலை கேட்டறிந்து கரை சேர்ந்தனர். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் இலாபம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையும் 4 சதவீதம் குறைந்தது என ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அக்கைப்பேசிகளில் செயலி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருவியின் பெருமையைவிட, அதனைக் கொண்டு நாம் கேட்கும் கேள்வியே பயன் தருவது. ஓணத்திற்கு முன் ஏத்தன் குலையை வெட்டுவோர், தக்கலை விலையோடு திருவனந்தபுரத்து விலையையும் கேட்டறிதல் நலம்.

பயிரில் நோய் கண்டால், இலையின் மேற்புறம், அடிப்புறம், முழுச்செடி என மூன்று படங்கள் எடுத்துத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் காட்டி யோசனை பெறலாம்.

நெசவாளர்களுக்கு

நெய்த துணியை வாங்குவோர் கண்முன் நிறுத்துவதே நெசவாளரின் நெடுநாளைய கஷ்டம். 'வாட்ஸ்அப் பிசினஸ்' செயலியில் செலவின்றிப் பொருட்பட்டியல் ஒன்று அமைக்கலாம். அதற்குப் படம் நன்றாக இருத்தல் அவசியம். மின்விளக்கின் கீழ் எடுத்தால் நிறம் மாறித் தோன்றும். காலை வெளிச்சத்தில், நேர்வெயில் படாத திண்ணையில் எடுக்க வேண்டும். நேரியலாயினும் கசவு வேட்டியாயினும், முழுத்துணி ஒரு படமும், கரை ஒரு படமும், நெசவின் நெருக்கம் தெரியும்படி மிக அருகில் ஒரு படமும் வேண்டும். நீளம், அகலம், நூலின் நம்பர், விலை ஆகியவற்றை மறைக்காது எழுதுக. விசைத்தறித் துணி கைத்தறியென விற்கப்படும் இக்காலத்தில், 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையைப் படத்தில் காட்டுவது வாங்குவோர்க்கு நம்பிக்கையளிக்கும். தறியில் நாடா ஓடுவதைச் சிறு சலனப்படமாக எடுத்து அனுப்பினால் அதுவே சிறந்த விளம்பரமாகும்.

பணம் கொடுத்தலும் பெறுதலும்

2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால் பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொன்றிற்கு நொடியில் செல்கிறது. இதில் மறவாதிருக்க வேண்டிய விதி ஒன்றே: இரகசிய எண்ணாகிய 'பின்' பணம் கொடுப்பதற்கும் நம் கணக்கின் இருப்பைப் பார்ப்பதற்குமே தேவை, பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. "உங்கள் சரக்குக்கு முன்பணம் அனுப்புகிறேன், இதனை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்று எவரேனும் கூறின், அவர் பணம் தர வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார் என்று தெளிக. வாங்குபவர் காட்டும் திரைப்படத்தை நம்பாது, நம் கணக்கில் பணம் சேர்ந்ததைக் கண்டபின்பே சரக்கை அனுப்ப வேண்டும். அரசுத் திட்டத்தின் பெயரால் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளை ஒருபோதும் நிறுவலாகாது. பணம் பறிபோய்விட்டதாயின் நாணி மறைக்காது, உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் ஒரு வங்கியிலிருந்து மறு வங்கிக்குச் சென்றுகொண்டிருக்கும்போதே அதனைத் தடுக்க இயலும். தாமதம் திருடனுக்கே துணை.

கடன் செயலிகள்

நிமிடத்தில் கடன் தருவதாகக் கூறும் செயலிகளைப் பற்றிக் கூட்டுறவாளர் சிறப்பாக விழிப்புடன் இருத்தல் வேண்டும். ரிசர்வ் வங்கியின் குழு ஒன்று 2021-இல் ஆராய்ந்தபோது கண்ட ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளுள் சுமார் 600 சட்டத்திற்குப் புறம்பானவை. இவற்றின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 5,000 ரூபாய் கடன் என்று கூறி, கட்டணமெனப் பிடித்ததுபோக 3,500 ரூபாய் மட்டும் கையில் தந்து, 7 நாட்களில் 5,000 ரூபாயைக் கேட்பரெனின், 100 ரூபாய்க்கு வாரம் 43 ரூபாய் வட்டியாகிறது! திருப்பித் தரத் தவறினால், முன்பே கவர்ந்து வைத்த எண்களுக்கெல்லாம் அவதூறு அனுப்பி மானத்தை வாங்குவர். இக்கொடுமை தாளாது உயிர் நீத்தோரும் நாட்டில் உண்டு. கந்துவட்டியினின்று ஏழை மக்களை மீட்கவே கூட்டுறவு இயக்கம் தோன்றியது. அக்கந்துவட்டி இன்று கைப்பேசிக்குள் குடியேறியுள்ளது. சங்கத்தில் நகைக்கடன் உண்டு. பயிர்க்கடனைத் தவணை தவறாது செலுத்துவோருக்கு வட்டியும் இல்லை. ஒரு நாள் அலைச்சலுக்கு அஞ்சி ஆயுள் துயரத்தை விலைக்கு வாங்கலாகாது.

பராமரிப்பு

வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் தாமாகவே இறங்கி நினைவகத்தை அடைத்துக்கொள்வதாலேயே பல கைப்பேசிகள் மந்தமாகின்றன. அச்செயலியின் அமைப்புகளில் இதனை நிறுத்தி வைக்கலாம். மின்கலத்தை 20 சதவீதத்திற்குக் கீழே இறங்கவிடாது, 80 சதவீதம் வரை ஏற்றுவது அதன் ஆயுளை நீட்டிக்கும். திரைக்குப் பூட்டு அவசியம். \*#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணைச் சங்கப் பாஸ்புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துவையுங்கள். கைப்பேசி களவு போயின், காவல் நிலையத்தில் புகார் செய்து, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அவ்வெண்ணைக் கொண்டு அதனை முடக்கலாம்.

கூடிக் கற்போம்

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் கூடிக் கடை திறந்தது, தனித்தனியே ஏமாந்தவர் சேர்ந்து நின்றால் ஏமாறார் என்ற நம்பிக்கையினாலேயே. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவியபோது, வீராம்பட்டினத்தில் கணினி வழியே பெற்ற கடல் அலைச் செய்தியை ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கணினி அறியாத மீனவரும் பயன் பெற்றனர்.

நாமும் அவ்வாறே செய்யலாம். ஒவ்வொரு சங்கமும் மாதத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குக. கற்றறிந்த இளைஞர் இருவர் மற்றவர்க்குக் கற்பிக்கட்டும். பெண் அங்கத்தினர்கள் தவறாது பங்கு பெறட்டும். அன்றைய விலையும் வானிலையும் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதப்படட்டும். ஒருவர் கண்ட மோசடியை மற்றவர்க்கும் உரைக்கட்டும். ஒருவர் அறிந்ததைப் பலரும் அறியச் செய்வதே கூட்டுறவு. அவ்வழியிற் சென்றால் இச்சிறு கருவி நமக்குச் செலவாகாது, மூலதனமாகும்.