விளையாட்டா? தொல்லையா?

ஹரியானா மாநிலத்தில் ரேவாரி மாவட்டம் இருக்கிறது. அங்கே கோத்ரா தப்பா தஹினா என்று ஒரு கிராமம். அந்த ஊர்ப் பள்ளியில் 10-ஆம் வகுப்பு வரைதான் இருந்தது. மேலே படிக்க வேண்டுமானால் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். சுமார் 3 கிலோமீட்டர் தூரம்.

தூரம் பெரிய கஷ்டம் இல்லை. வழியில் நடந்ததுதான் கஷ்டம். பையன்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். மாணவிகளைக் கேலி செய்தார்கள். பின்தொடர்ந்தார்கள். பயந்துபோன சில வீடுகளில் பெண்ணின் படிப்பையே நிறுத்த நினைத்தார்கள்.

தொல்லை கொடுத்தவன் ஒருவன். படிப்பை இழப்பவள் வேறு ஒருத்தி. இது நியாயமா?

2017 மே மாதம் அந்த மாணவிகள் ஒன்று கூடினார்கள். சுமார் 80 பேர். எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே 12-ஆம் வகுப்பு வரை வேண்டும் என்றார்கள். கடும் வெயிலில் சில மாணவிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பெற்றோர்களும் துணை நின்றார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு அரசு இறங்கி வந்தது. பள்ளி மேல்நிலைப் பள்ளி ஆனது.

எப்படித் தெரிந்துகொள்வது?

பலர் இதை 'ஈவ் டீசிங்' என்று சொல்வார்கள். 'சின்னப் பையன், விளையாட்டுக்குச் செய்தான்' என்பார்கள். விளையாட்டையும் தொல்லையையும் பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும்.

1. இருவரும் சிரிக்கிறார்களா, ஒருவர் மட்டும் சிரிக்கிறாரா?
2. 'நிறுத்து' என்று சொன்னால் நிறுத்துகிறார்களா?
3. அதற்குப் பயந்து யாராவது வழியை மாற்றுகிறார்களா? பள்ளிக்கு வர மறுக்கிறார்களா?

விசில் அடிப்பது, உடம்பைப் பற்றிப் பட்டப்பெயர் வைப்பது, பின்னலைப் பிடித்து இழுப்பது, சுவரில் பெயர் எழுதுவது, கேட்காமல் செல்போனில் படம் எடுப்பது எல்லாம் தொல்லைதான். 'பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?' என்று வகுப்பில் மட்டம் தட்டுவதும் தொல்லைதான்.

பையன்களுக்கும் இது நடக்கிறது. அழுகிற பையனை, சமைக்கிற பையனை 'நீ ஆம்பளையா?' என்று கேலி செய்கிறார்கள். அவனுக்கும் வலிக்கும்.

எப்படி எதிர்ப்பது?

எதிர்க்க வேண்டும். ஆனால் ஆபத்து இல்லாமல் எதிர்க்க வேண்டும். முதலில் இடத்தைப் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வகுப்பிலோ, நாலு பேர் இருக்கும் இடத்திலோ நடந்தால் சத்தமாகச் சொல்லலாம்: 'நிறுத்து. எனக்குப் பிடிக்கவில்லை.' ஆள் இல்லாத சாலையில் நடந்தால் வாக்குவாதம் வேண்டாம். பக்கத்தில் உள்ள கடைக்கோ வீட்டுக்கோ போய்விட வேண்டும்.

பார்த்துக்கொண்டு இருப்பவருக்கும் வேலை உண்டு. அடிதடியில் இறங்க வேண்டாம். தொல்லைப்படும் பெண்ணின் பக்கத்தில் போய் நிற்கலாம். 'வா, டீச்சர் கூப்பிடுகிறார்' என்று அழைத்து வந்துவிடலாம். துணைக்கு ஒருவர் வந்தாலே அவளுக்குப் பாதி பலம்.

பிறகு நாள், நேரம், இடம், வண்டி எண் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். போனில் வந்த செய்தியை அழிக்கக் கூடாது. நம்பிக்கையான பெரியவரிடம் சொல்ல வேண்டும். அவர் காதில் வாங்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும்.

பையன்களும் மாறுவார்கள்

அதே ஹரியானாவில் நான்கு மாவட்டங்களில் 2014 முதல் 2016 வரை ஒரு பாடம் நடந்தது. அரசுப் பள்ளிகளில் 7-ஆம் வகுப்பு முதல் நடத்தினார்கள். பையன்களும் பெண்களும் கலந்துகொண்டார்கள். ஆண், பெண் சமம் என்பதைப் பற்றிப் பேசினார்கள், விவாதித்தார்கள். பிறகு ஆராய்ச்சியாளர்கள் விசாரித்தார்கள். 'பெண் தாழ்ந்தவள்' என்ற எண்ணம் குறைந்திருந்தது. வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன பையன்கள் கூடினார்கள். பாடம் முடிந்து இரண்டு ஆண்டு கழித்தும் அந்த மாற்றம் நிலைத்தது.

வீட்டில் என்ன செய்வது?

மகள் வந்து சொல்கிறாள். உடனே 'நீ ஏன் அந்தப் பக்கம் போனாய்?' என்று கேட்டால், அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டாள். 'நீ சொன்னது நல்லது. உன் மேல் தப்பு இல்லை' என்று சொல்ல வேண்டும். மறுநாள் தலைமை ஆசிரியரைப் பார்க்க வேண்டும். படிப்பை நிறுத்தக் கூடாது. மகனிடமும் பேச வேண்டும். அவன் கூட்டாளிகளோடு சேர்ந்து என்ன செய்கிறான் என்று விசாரிக்க வேண்டும்.

சட்டம் துணை இருக்கிறது

2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதம் இல்லை. பாலியல் நோக்கத்தோடு பேசினாலோ, சைகை காட்டினாலோ, திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்தாலோ 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கும். அபராதமும் உண்டு.

குழந்தைகள் உதவிக்கு 1098. அவசரத்துக்குப் போலீஸ் 112. பேசக் காசு இல்லை. இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

பேசிப் பார்ப்போம்

1. நம் ஊரில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் பயப்படும் இடம் எது?
2. அங்கே துணை நிற்கக் கூடியவர்கள் யார் யார்?
3. நம் வீட்டுப் பிள்ளை தொல்லை பற்றிச் சொன்னால், நாம் பேசும் முதல் வார்த்தை என்ன?