கணிப்பொறியின் மிகைவேக இயக்கமும் உறுப்புகளின் பொருத்தமும்

ஒரு யந்திரத்தை அதன் தயாரிப்பாளர் குறித்த வேகத்திற்கு மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் மனிதனுக்குப் புதிதன்று. நீர் இறைக்கும் எஞ்சினிலும் மோட்டார் வண்டியிலும் காணப்பட்ட அவ்வாவல் இன்று மேசைக் கணிப்பொறியையும் பற்றியுள்ளது. கணிப்பொறியின் மையச் செயலியைக் குறித்த வேகத்திற்கு மேற்பட்ட வேகத்தில் இயங்கச் செய்வதை மிகைவேக இயக்கம் எனலாம். கடைவீதியில் இதற்கு ஓவர்கிளாக்கிங் என்னும் பெயரே வழங்குகிறது. பழைய கணிப்பொறிகளை வைத்துக்கொண்டு பள்ளிகளிலும் களப்பணி அலுவலகங்களிலும் பணியாற்றுவோர், செலவின்றியே வேகம் பெறலாம் என்று பிறர் கூறக் கேட்டிருக்கலாம். அக்கூற்றில் உண்மை எவ்வளவு, வேகத்திற்கு உரிய விலை யாது, எவ்வெவ்வுறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

ஐதராபாத்தும் கணிப்பொறியும்

இத்துறையில் ஐதராபாத் நகருக்கு நீண்ட தொடர்பு உண்டு. அணுசக்தித் துறையின் கீழ் 1967ஆம் ஆண்டில் இந்நகரில் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவப்பெற்றது. டிராம்பேயில் உருவான டி.டி.சி.-12 என்னும் கணிப்பொறி 1969இல் வெளிவந்தது. அவ்வழியில் 16 பிட் சொல்லளவு கொண்ட டி.டி.சி.-316 போன்றவை பின்னர் இந்நிறுவனத்தில் தயாராயின. அக்காலத்தில் ஒரு செயலி என்பது பல மின்சுற்றுப் பலகைகளைக் கொண்ட அலமாரியாகும். அதன் வெப்பம் பெரும் பரப்பில் பரவி எளிதில் வெளியேறியது. இன்று அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த செயலி இரண்டு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிலிக்கன் சில்லில் அடங்கிவிடுகிறது. அத்தகைய சில்லுகளை வகுத்தமைக்கும் ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய நிறுவனங்களின் வடிவமைப்பு நிலையங்கள் ஐதராபாத்தில் உள்ளன. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே கணிப்பொறி பூட்டுவோர் செகந்திராபாத்தின் பார்க் லேன் பகுதியிலுள்ள செனாய் டிரேட் சென்டரை நன்கு அறிவர். ஆகவே, சில்லின் வடிவமைப்பும் அதன் விற்பனையும் ஒரே நகர எல்லைக்குள் நடைபெறுகின்றன. அந்நகரின் மே மாத வெயிலும் இப்பொருளோடு நெருங்கிய தொடர்புடையது என்பதைப் பின்னர்க் காண்போம்.

துடிப்பும் அதன் எல்லையும்

செயலியின் பணிகள் யாவும் ஒரு தாளத்திற்கு உட்பட்டே நடைபெறுகின்றன. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வினின்று பெறப்படும் இத்தாளத்திற்குக் கடிகாரத் துடிப்பு என்று பெயர். பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளில் அடிப்படைத் துடிப்பு வினாடிக்கு 10 கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் ஆகும். செயலி இதனை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கெண் 40 ஆயின், வேகம் 4,000 மெகாஹெர்ட்ஸ். வினாடிக்கு 400 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்பிற்குரிய காலத்தில் ஒளியே ஏழரை சென்டிமீட்டர் தூரந்தான் செல்ல இயலும் என்றால், அக்காலத்தின் சிறுமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு துடிப்பிலும் மின்குறி ஒரு தேக்கத்தினின்று புறப்பட்டு, பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, அடுத்த துடிப்பு வருமுன் மறு தேக்கத்தை அடைந்துவிட வேண்டும். சில்லிலுள்ள எண்ணற்ற வழிகளுள் மிகவும் காலம் பிடிக்கும் வழி எதுவோ, அதுவே முழுச் சில்லின் வேகத்தையும் வரையறுக்கிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே எளிதாக விளக்கலாம். எட்டு மாணவர்களை வரிசையாக அமர்த்துக. முதல் மாணவரிடம் 3 என்று எழுதிய சீட்டைக் கொடுக்க. ஒவ்வொருவரும் தமக்கு வந்த எண்ணோடு 7ஐக் கூட்டி எழுதி, மணி ஒலிக்கும்போது அடுத்தவரிடம் தருதல் வேண்டும். மணியை நிதானமாக அடித்தால் இறுதியில் 59 என்னும் சரியான விடை கிடைக்கும். மணியைப் படிப்படியாக விரைவுபடுத்துக. ஒரு நிலையில், கூட்டி முடிக்காத மாணவர் ஒருவர் பழைய எண்ணையோ அரைகுறை எண்ணையோ அடுத்தவரிடம் தள்ளிவிடுவார். வரிசை நிற்பதில்லை, ஆனால் விடை பிழையாகிவிடும். எழுவர் எத்துணை விரைவுடையவராயினும் மெதுவான எட்டாமவரே மணியின் வேகத்தை முடிவு செய்கிறார் என்பதை மாணவர்கள் தாமே உணர்ந்துகொள்வர்.

மிகைவேகம் எவ்வாறு இயலுகிறது?

ஒரே ஆலையில், ஒரே முறையில் செய்த சில்லுகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. தயாரிப்பாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, வெப்பம், முதுமை ஆகியவற்றிற்கும் இடம் விட்டே வேகத்தைக் குறிக்கின்றனர். அவ்விடைவெளியைத் தம் பயனுக்குக் கொள்வதே மிகைவேக இயக்கம். 1998இல் வெளிவந்த செலரான் 300-ஏ என்னும் செயலி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். அதன் அடிப்படைத் துடிப்பை 66 மெகாஹெர்ட்ஸினின்று 100 ஆக உயர்த்திய பலர், 300 மெகாஹெர்ட்ஸ் செயலியை 450இல் ஓட்டினர். அக்காலத்தில் குறைந்த வேகச் சில்லின் மீது உயர்ந்த வேகத்தைப் பொறித்து விற்கும் மோசடியும் நிகழ்ந்தது. இத்தகைய காரணங்களால் பெருக்கெண்ணை மாற்ற இயலாதவாறு பூட்டிவைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2008 முதல் இன்டெல் செயலிகளும், பின்னர்ப் பிறவும், வெப்பமும் மின்சக்தியும் இடங்கொடுக்கும் அளவிற்குத் தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. முன்னர்ப் பயனாளர் தேடி எடுத்த இடைவெளியின் பெரும்பகுதியைத் தயாரிப்பாளரே எடுத்துக்கொண்டுவிட்டனர். ஆகவே, 300ஐ 450 ஆக்கிய காலத்துக் கதைகளை இன்றைய செயலியிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது.

வேகத்தின் விலை

துடிப்பை உயர்த்தும்போது டிரான்சிஸ்டர்கள் ஈடுகொடுக்கத் தவறினால், மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டி அவற்றை விரைவுபடுத்தலாம். இங்குதான் விலை தொடங்குகிறது. செயலி இயங்குகையில் செலவாகும் மின்சக்தி துடிப்பு வேகத்திற்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. 1.20 வோல்ட்டில் 4,000 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 100 வாட் கொள்ளும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்துப் பத்து சதவிகிதம் உயர்த்தினால், 4,400 மெகாஹெர்ட்ஸில் 1.32 வோல்ட் ஆகிறது. மின்சக்தியோ 1.1ஐ மும்முறை பெருக்கக் கிடைக்கும் 1.33 மடங்காகி, 133 வாட்டை எட்டுகிறது. பத்து சதவிகித வேகத்திற்கு முப்பத்து மூன்று சதவிகித வெப்பம்! டிரான்சிஸ்டர்களில் கசியும் மின்னோட்டமும் வெப்பத்தோடு கூடுவதால், நடைமுறையில் இவ்வளவு இன்னும் சிறிது மிகும்.

133 வாட் என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அது பிறக்கும் பரப்பு ஏறக்குறைய இரண்டு சதுர சென்டிமீட்டரே. ஆயிரம் வாட் மின்சார இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து வாட் எனில், இங்கு அது அறுபதைத் தாண்டுகிறது.

இனி வெயிலைக் கணக்கில் கொள்வோம். வெப்பம் போக்கும் சாதனம் ஒவ்வொரு வாட்டிற்கும் 0.4 டிகிரி வீதம் செயலியின் வெப்பநிலை உயர இடந்தருவதாகக் கொள்க. ஐதராபாத்தில் மே மாதப் பகலில் குளிர்சாதனம் இல்லாத அறை 40 டிகிரியை ஒட்டினால், பெட்டியின் உட்புறம் 45 டிகிரி ஆகலாம். 100 வாட்டில் செயலியின் வெப்பநிலை 85 டிகிரி. 133 வாட்டிலோ 98 டிகிரி. இன்றைய செயலிகளுள் பல, 95 முதல் 100 டிகிரிக்குள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. எனவே, மிகைவேகத்தால் பெற்றதை யந்திரம் கோடையில் திருப்பிக் கொடுத்துவிடும். இதே யந்திரம் ஜனவரியில், பெட்டியின் உட்புறம் 29 டிகிரியாக இருக்கையில், 82 டிகிரியிலேயே நின்று எவ்விதக் குறையையும் காட்டாது. குளிர்காலத்தில் தேறிய சோதனையைக் கோடைக்கும் சான்றாகக் கொள்ளலாகாது என்பது இதனின்று பெறப்படும் பாடம்.

உறுப்புகளின் பொருத்தம்

முதலாவது, செயலியே பெருக்கெண் பூட்டப்படாததாக இருத்தல் வேண்டும். இன்டெல் வகையில் பெயரின் இறுதியில் கே என்னும் எழுத்து பொதுவாக இதனைக் குறிக்கும். ஏ.எம்.டி. ரைசன் மேசைச் செயலிகளுள் பெரும்பாலானவை பூட்டப்படாதவையே.

இரண்டாவது, தாய்ப்பலகை. இன்டெல் செயலிக்கு இஸட் வரிசைத் துணைச்சில்லு கொண்ட பலகை வேண்டும். ரைசனுக்கு பி அல்லது எக்ஸ் வரிசை போதும். பலகையில் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பகுதியையும் நோக்குதல் அவசியம். 133 வாட்டை 1.32 வோல்ட்டில் தருவதற்கு 100 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். 230 வோல்ட்டில் ஐந்து கிலோவாட் கொள்ளும் வீட்டு இணைப்பிலேயே 22 ஆம்பியர்தான் பாய்கிறது. மலிவான பலகை இச்சுமையில் முதலில் கருகுவது வியப்பன்று.

மூன்றாவது, வெப்பம் போக்கும் தகடும் விசிறியும். செயலிக்கும் தகட்டிற்கும் இடையே பூசும் வெப்பப்பசை காய்ந்து போயிருப்பின் புதுப்பிக்க வேண்டும். பெட்டியில் காற்று முன்புறம் நுழைந்து பின்புறம் வெளியேற வழி இருத்தல் வேண்டும். தூசி படிந்த தகடு எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயனற்றது.

நான்காவது, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. செயலி 133, படச்செயலி அட்டை 150, ஏனையவை 60 வாட் எனில், மொத்தம் 343 வாட். இதற்கு 500 வாட் அளவுள்ள தரமான மின்வழங்கி ஏற்றது. மின்தடைக்காக வைத்துள்ள யு.பி.எஸ். இச்சுமையைத் தாங்குமா என்பதையும் கணக்கிடுக.

ஐந்தாவது, ராம் எனப்படும் நினைவகம். எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ ஆகிய அமைப்புகளால் நினைவகத்தின் வேகத்தை உயர்த்துவதும் மிகைவேக இயக்கமே. ஒரே அளவும் வேகமும் உடைய இணைப்பட்டைகளை இடுதல் நலம்.

சோதிக்கும் முறை

முதலில் கோப்புகள் யாவற்றையும் வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளுக. வேகத்தை ஒரே தாவலில் உயர்த்தாது, 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் முழுச்சுமைச் சோதனையைப் பல மணி நேரம் ஓட்டி வெப்பநிலையைக் குறித்து வருக. யந்திரம் நின்றுபோவது பெரும் அபாயமன்று. அது நம்மை எச்சரிக்கிறது. வகுப்பறைச் சீட்டைப் போல, நில்லாது ஓடிக்கொண்டே பிழையான விடையைத் தருவதே பேரபாயம். மழை அளவுப் பட்டியலிலோ மாணவர் மதிப்பெண்ணிலோ ஓர் இலக்கம் மாறினால், அதனைக் கண்டுபிடிப்பார் யார்? ஆகவே, பிழையை அறிவிக்கும் வகைச் சோதனைகளையே நம்புதல் வேண்டும்.

உயர்ந்த மின்னழுத்தம் சில்லின் ஆயுளையும் குறைக்கும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைச் செயலிகளுள் சில நிலைகுலைந்து இயங்கியதற்கு அளவு மீறிய மின்னழுத்தம் காரணம் என்று அந்நிறுவனமே 2024இல் அறிவித்து, திருத்தம் வெளியிட்டதோடு உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. தயாரிப்பாளரின் அமைப்பிலேயே இவ்வாறு நேருமாயின், நாம் செய்யும் மாற்றத்தில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். திரவ ஹீலியத்தின் குளிர்ச்சியில் 2022இல் சிலர் 9,000 மெகாஹெர்ட்ஸைக் கடந்தது உண்மையே. ஆயினும் அது சில நிமிடச் சாதனை. அன்றாடப் பணிக்குரிய முறையன்று.

யாருக்கு இது ஏற்றது?

சொந்தக் கணிப்பொறியில் கற்கும் ஆர்வமுடையோருக்கு இது சிறந்த பௌதிகப் பாடம். ஆனால் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் உரிய கணிப்பொறியில் இதனைச் செய்தல் தகாது. மிகைவேக இயக்கத்தால் விளையும் சேதம் பொதுவாக உத்தரவாதத்திற்குள் அடங்குவதில்லை. பயனும் சிறிதே. ஒரு பணியின் காலத்தில் செயலிக்குரிய பங்கு 40 சதவிகிதமாயின், செயலியைப் பத்து சதவிகிதம் விரைவுபடுத்துவதால் மொத்தக் காலம் மூன்றரை சதவிகிதத்திற்குச் சற்றே மேலாகத்தான் குறையும். நூறு நிமிட வேலையில் மிச்சம் நான்கு நிமிடங்கூட இல்லை. பழைய சுழல்தட்டு வன்வட்டு ஒரு கோப்பின் இடத்தைத் தேட ஏறக்குறைய நூற்றில் ஒரு வினாடி கொள்கிறது, எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலை வட்டு அதில் நூற்றில் ஒரு பங்கே கொள்கிறது. ஆகவே, செலவிடக்கூடிய பணம் சிறிதாயின், முதலில் திடநிலை வட்டு, அடுத்துப் போதிய நினைவகம், அதன்பின் தூசி நீக்கமும் புதிய வெப்பப்பசையும் என்னும் வரிசையே சிறந்தது.

சொந்தக் கணிப்பொறியில் இதற்கு நேர்மாறான ஒரு வழியையும் முயன்று பார்க்கலாம். வேகத்தை மாற்றாது மின்னழுத்தத்தை மட்டும் ஐந்து சதவிகிதம் குறைக்கச் செயலி இடங்கொடுக்குமாயின், மின்செலவு ஏறக்குறைய பத்து சதவிகிதம் குறையும். தக்காணத்துக் கோடையில், கடைசி நூறு மெகாஹெர்ட்ஸை நாடுவதினும், குளிர்ந்து பிழையின்றி இயங்கும் யந்திரத்தை நாடுவதே அறிவுடைமையாகும்.