குழாய்வழி மருந்து: வீட்டார் அறிய வேண்டியவை

பாரிசவாதத்தினால் விழுங்கும் ஆற்றலை இழந்த முதியவர் ஒருவர், மூக்குவழி இட்ட உணவுக்குழாயுடன் கண்டி தேசிய வைத்தியசாலையிலிருந்து புசல்லாவையிலுள்ள தம் இல்லம் திரும்புகிறார் எனக் கொள்வோம். அதுவரை தாதியர் செய்த பணி அன்று மாலை முதல் அவர் மகளுடையதாகிறது. உணவூட்டுவதை அவள் விரைவிற் கற்றுக்கொள்வாள். ஆயின், மருந்தூட்டுவதிலேதான் இடர் மறைந்திருக்கின்றது.

1790ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை வைத்தியர் ஜோன் ஹன்டர், விலாங்குமீன் தோல் போர்த்திய குழாயொன்றினால் இத்தகைய நோயாளி ஒருவருக்கு உணவும் மருந்தும் செலுத்திக் குணப்படுத்தினார். அக்காலத்து மருந்தை உணவோடு கலந்துவிடலாம். இன்றைய குளிசையோ வெறும் பொடியன்று. பொடியாக்கினால் தன் இயல்பையே இழப்பனவும் அவற்றுள் உண்டு.

இரத்த அழுத்தத்திற்குத் தரும் நிஃபெடிபினில், பல மணி நேரம் மெல்ல மெல்லக் கரையுமாறு ஆக்கப்பட்ட வகை உண்டு. அதனை இடித்தால் முழு மருந்தும் ஒருசேர உடலிற் கலந்து, இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 'எஸ்.ஆர்.', 'எக்ஸ்.எல்.', 'ரிட்டார்ட்' என்னும் குறிகளைக் கண்டால் இடித்தலாகாது. ஒமெப்ரசோல் மருந்தின் பூச்சு நீங்கினால் இரைப்பையின் அமிலம் அதனை அழித்துவிடும். வலிப்புக்குரிய ஃபெனிட்டோயினைக் குழாயுணவோடு சேர்த்தால், அது உடலிற் சேர்வது குறைந்து வலிப்பு மீளவும் கூடும்.

முறை எளிதே. நோயாளியின் தலைப்புறத்தை 30 பாகையேனும் உயர்த்துக. மூக்கருகே இட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் எதையும் செலுத்தாது வைத்தியரை நாடுக. பாணி மருந்து கிடைக்குமாயின் அதனையே கேட்டுப் பெறுக. இடிக்கத்தக்க குளிசைகளைத் தனித்தனியே நுண்பொடியாக்கி, நீரிற் கரைத்துச் செலுத்துக. முன்னும் பின்னும் ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் நீரும், இரு மருந்துகளுக்கிடையே சிறிது நீரும் விடுக. நீரின் அளவு மட்டுப்படுத்தப்பட்டவர்க்கு வைத்தியர் சொல்லே அளவு. மருந்தை உணவுடன் கலத்தலாகாது. குழாய் அடைபட்டால் இளஞ்சூட்டு நீரை மெதுவாகச் செலுத்திப் பார்க்கலாம். கம்பி நுழைப்பது பெருந்தீங்கு.

அடைபட்ட குழாயை மாற்ற மலைப்பாதை வழியே நோயாளியை மீண்டும் கொண்டுசெல்வது எளிதன்று. ஆகவே வைத்தியசாலையை விட்டுப் புறப்படுமுன், ஒவ்வொரு மருந்தையும் மருந்தாளரிடம் காட்டி, "இதனை இடிக்கலாமா? இதற்குப் பாணி மருந்து உண்டா?" எனக் கேட்டு எழுதிக்கொள்வோமாக. கேட்பதில் நாணமில்லை, கேளாமையிலேயே கேடு உண்டு.