ஸ்லோவில் நிற்காத அம்பாசிடர்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் ஒழுங்காக ஓடிய பழைய அம்பாசிடர் மேலே போகப்போக முரண்டு பிடிக்கும். வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். என்ஜின் திக்கும், குலுங்கும், சில சமயம் நின்றே போகும். ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னால் உருள ஒரு நொடி போதும். ஒருவழியாகச் செம்மநத்தம் போன்ற மலைக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தால், மறுநாள் காலைப் பனியில் ஸ்டார்ட் ஆவதற்கே அடம்.

பட்டறை மொழியில் இதற்கு 'ஸ்லோவுல நிக்கல' என்று பெயர்; ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் மெதுவாக ஓடும் நிலைதான் ஸ்லோ. 'கார்ப்பரேட்டர மாத்திடலாம்', 'என்ஜின இறக்கிடணும்' என்று பதில் வரும். இரண்டுக்கும் தலையாட்டுவதற்கு முன் உரிமையாளர் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலில் மலையையே சந்தேகிக்கலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். மேலே காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்துவிடும். புதிய கார்களில் சென்சார் அதை அறிந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. சேலத்துப் பட்டறையில் கச்சிதமாக டியூன் செய்த வண்டி மலையில் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், பிளக்கில் கரி படியும், ஸ்லோவில் திணறும். இதில் பழுது என்று எதுவும் இல்லை. வண்டி எங்கே வாழ்கிறதோ அங்கே டியூன் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலவை இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிகிறது. ஆக, மலை கொடுப்பதை எத்தனால் ஓரளவு பறித்துக்கொள்கிறது, வேடிக்கையான சமரசம்! ஆனால் எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துச் சிதைக்கக் கூடியது. சூடான என்ஜின்மேல் பெட்ரோல் கசிந்தால், என்ஜின் திக்கும் 'மிஸ்ஸிங்' என்ற பேச்சே போய்த் தீ என்ற பேச்சாகிவிடும். எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. எனவே எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றிக்கொள்வதுதான் இப்போதைக்கு உரிமையாளர் கையில் இருக்கும் வழி.

இனி என்ஜின். 1489 சிசி, எஸ்.யூ. கார்ப்பரேட்டர் வைத்த அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். சோதனை பிளக்கில் தொடங்க வேண்டும். நான்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வைத்தால் பாதிக் கதை அங்கேயே தெரியும். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல். வெளுத்திருந்தால் காற்று கூடுதல். எண்ணெய் பிசுபிசுத்தால் ரிங்கையோ வால்வ் கைடையோ பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறமென்றால் குற்றவாளி கார்ப்பரேட்டர் அல்ல. ஒரே கார்ப்பரேட்டர்தானே நான்குக்கும் ஊட்டுகிறது?

அடுத்து, ஓடும் என்ஜினில் பிளக் வயரை இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது. எதை எடுத்தும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. அந்த வயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்வதால் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டேயே போகக் கூடாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றிய வண்டியில் இந்தச் சோதனையே வேண்டாம், மாட்யூல் போய்விடக்கூடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், வால்வ் டேப்பட் இடைவெளி 0.38. ஃபீலர் கேஜ் இருந்தால் சற்று நேர வேலை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தாலே பல பனிக்கால மிஸ்ஸிங் சரியாகிவிடும். யாரோ வயர்களை மாற்றிச் செருகியிருக்கவும் கூடும். 1-3-4-2 என்பது சரியான வரிசை.

காற்றுக் கசிவு கொஞ்சம் நயமான திருடன். மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ தேய்ந்த த்ராட்டில் தண்டிலோ கள்ளக்காற்று நுழையும். வேகத்தில் தெரியாது, ஸ்லோவில் காட்டிக்கொடுக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சிலர் பெட்ரோலையே பீய்ச்சுகிறார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது விபரீதம். சோப்புத் தண்ணீர் போதும். பட்ட இடத்தில் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். எஸ்.யூ. கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் உயர்த்திப் பார்ப்பதும் எளிய சோதனை: வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம், என்ஜின் அணைந்தால் குறைவு, லேசாகக் கூடித் தணிந்தால் சரி.

இவை எல்லாம் முடிந்த பிறகே கம்ப்ரஷன் கேஜ். குறைந்த அளவு காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றிய பின் அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். இந்த எண்களைக் காட்டாமல் 'என்ஜின் போச்சு' என்பவரை நம்பத் தேவையில்லை.

குளிருக்காக ஷெட்டின் கதவைச் சாத்திவிட்டு என்ஜினை ஓடவிட்டு டியூன் செய்வது உயிருக்கே ஆபத்து. கரி கக்கும் என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு நிறைய. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைச் சான்றிதழுக்கான சோதனையும் ஸ்லோவில் வைத்துத்தான் நடக்கிறது. 2000க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு வரம்பு 3 சதவீத கார்பன் மோனாக்சைடு, 1,500 பிபிஎம் ஹைட்ரோகார்பன். மிஸ்ஸாகும் சிலிண்டர் எரியாத பெட்ரோலை அப்படியே வெளியே தள்ளுவதால் இரண்டாவது வரம்பில் வண்டி தோற்கும். புகை விதியை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

'பேசாமல் டீசல் என்ஜின் வைத்துவிடுங்கள்' என்ற யோசனையும் வரும். ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதியாமல் என்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை மீறியதாகும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணமும் சிக்கலில் மாட்டும். இன்னொரு இழப்பும் உண்டு: 50 வயது தாண்டிய, பழைய வடிவம் மாறாத சொந்தக் கார்களுக்கு 2021 ஜூலையில் வந்த விதி 'விஏ' என்ற விண்டேஜ் பதிவு எண் தருகிறது; கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அந்தப் பதிவுள்ள வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது என்பதையும் எண்ணிப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டறையில் ஏமாந்தவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பில் தர மறுப்பதே அதன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஆனால் கூலி பாக்கி என்றால் வண்டியை நிறுத்திவைக்க மெக்கானிக்குக்கும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் உரிமை தருகிறது. சண்டை போடுவதைவிட, ஆட்சேபத்தைப் பில்லிலேயே எழுதிப் பணத்தைக் கட்டி வண்டியை மீட்டுக்கொண்டு, பிறகு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பது புத்திசாலித்தனம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை கோவையிலோ ஈரோட்டிலோ இருந்தாலும், செம்மநத்தத்துக்காரர் சேலத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே காட்டுவதற்குப் பில்லும் மதிப்பீட்டுச் சீட்டும் வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும், சிலிண்டர் எண் எழுதிய அந்த நான்கு பிளக்குகள் உட்பட.