வோல்ட் இருக்கிறது, பம்ப் ஓடவில்லை!

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் ஏற்றம் லாரிகளின் வலிமையைச் சோதிக்கும் இடம். என் மாணவர் ஒருவரின் தந்தை ஓட்டும் பழைய லாரி, பாரம் ஏற்றி வந்தபோது, அந்த ஏற்றத்தில் இழுவை குறைந்து நின்றுவிட்டது. தொட்டியில் டீசல் இருந்தது. ஃபில்டரும் புதியது. ஆனால் எஞ்சினுக்குப் போதிய டீசல் வந்து சேரவில்லை.

தொட்டியிலிருந்து டீசலை இழுத்து, இன்ஜெக்ஷன் பம்புக்குத் தருவது ஃபீட் பம்ப். பழைய லாரிகளில் அது எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கும். இந்த லாரியில் அதற்குப் பதிலாக 24 வோல்ட் மின்பம்ப் ஒன்றைக் கடையில் வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். மெக்கானிக் பம்பின் ஒயர்களைக் கழற்றி, அவற்றின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தார். சரியாக 24 வோல்ட்! "கரண்ட் வருகிறது, பம்புதான் போய்விட்டது" என்றார். புதுப் பம்ப் மாட்டினார்கள். அடுத்த பயணத்தில், அதே ஏற்றத்தில், லாரி மறுபடியும் திணறியது.

மீட்டர் பொய் சொன்னதா? இல்லை. கேட்ட கேள்விதான் தவறு.

மூடிய குழாயும் திறந்த குழாயும்

தெருக்குழாயின் உள்ளே பாதி துரு அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயை மூடியிருக்கும்போது நீரின் அழுத்தம் முழுதாகவே இருக்கும். திறந்தால்தான் நீர் நூலாக ஒழுகுவது தெரியும். மின்சுற்றிலும் இதுவே நடக்கிறது.

ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி நமக்குத் தெரிந்ததே: மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. நல்ல நிலையில் பம்ப் 4 ஆம்பியர் எடுக்கிறது என்றால் அதன் தடையை 6 ஓம் எனக் கொள்ளலாம். (மோட்டார் வெறும் தடை அன்று, கணக்கின் எளிமைக்காக அப்படிக் கொள்கிறோம்.) ஒயரில் ஓர் இணைப்பு துருப்பிடித்து 2 ஓம் தடை சேர்ந்துவிட்டது. இப்போது மொத்தத் தடை 8 ஓம். ஓடும் மின்னோட்டம் 24 ÷ 8 = 3 ஆம்பியர். துருப்பிடித்த இணைப்பில் 3 × 2 = 6 வோல்ட் விழுந்துவிடுகிறது. பம்புக்குக் கிடைப்பது 18 வோல்ட்டே.

ஆனால் பம்பைக் கழற்றிவிட்டு அளந்தால்? டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அதன் வழியே ஓடுவது 2.4 மைக்ரோ ஆம்பியர்தான். அவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் 2 ஓம் இணைப்பில் விழுவது வோல்ட்டில் இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீட்டர் 24 என்றே காட்டும்!

சமதரையில் எஞ்சினுக்குக் குறைந்த டீசலே போதும்; மெதுவாக ஓடும் பம்பும் சமாளித்துவிடும். ஏற்றத்தில் தேவை கூடும்போதுதான் குறை வெளிப்படுகிறது.

ஃபியூஸ் ஏன் போகவில்லை?

ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மின்னோட்டம் மிகுந்தால்தான் ஃபியூஸ் உருகும். கெட்ட இணைப்போ மின்னோட்டத்தை 4-இலிருந்து 3 ஆம்பியராகக் குறைத்துவிட்டது. ஆகவே ஃபியூஸ் சும்மா இருக்கும். ஆனால் அந்த இணைப்பில் 6 × 3 = 18 வாட் வெப்பம் உண்டாகிறது. ரேடியோ பழுதுபார்ப்பவரின் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட் என்பதை நினைத்துப் பாருங்கள். இத்தனை வெப்பமும் விரல்நுனி அளவான இடத்தில், டீசல் குழாயின் அருகே! ஒயரின் உறை இளகி உரியவும் கூடும். மேலும், கணவாயில் எஞ்சின் நின்றால், பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங்கின் உதவியும் போய்விடும்.

சரியான சோதனை

லாரியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பம்பை ஓடவிட்டபடியே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையைப் பம்பின் பாசிட்டிவிலும் வையுங்கள். மீட்டர் இப்போது காட்டுவது அந்த வழியில் இழந்த வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இதேபோலப் பேட்டரியின் நெகட்டிவுக்கும் பம்பின் நெகட்டிவுக்கும் இடையே அளங்கள். எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கம் ஒவ்வோர் இணைப்பாக அளந்து செல்லுங்கள். குற்றவாளி அகப்பட்டுவிடும்.

நம் லாரியில் பாசிட்டிவ் பக்கம் 0.3 வோல்ட். எர்த் பக்கமோ ஏறத்தாழ 6 வோல்ட்! சேசிஸில் எர்த் போல்ட்டை முடுக்கிய இடத்தில் பெயிண்டைச் சுரண்டவே இல்லை. அதன்மேல் துருவும் படிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் பம்பின் ஓசையே மாறியது.

ஒயரின் பருமனும் முக்கியம். 8 மீட்டர் நீளமுள்ள 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 4 ஆம்பியர் ஓடினால் சுமார் 1.1 வோல்ட் வீணாகும், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.22 வோல்ட்தான். பேட்டரியின் அருகில் தக்க ஃபியூஸும், நடுவில் ரிலேயும் வைப்பது நல்லது.

செய்து பாருங்கள்

இரண்டு டார்ச் செல்கள், ஒரு டார்ச் பல்பு, ஒரு 10 ஓம் மின்தடை ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். பல்பு மங்கலாக எரியும். பல்பைக் கழற்றி, அதன் இடத்தில் மீட்டரை வையுங்கள். முழு 3 வோல்ட் காட்டும்! வேலை செய்யும்போது அளந்தால்தான் உண்மை தெரியும் என்பதை இந்தச் சிறு சுற்றே சொல்லிவிடும்.