பதுளையிலிருந்து 2124க்குப் போகலாமா?

கொழும்பிலிருந்து மலையேறி வரும் புகையிரதப் பாதை பதுளையோடு முடிந்துவிடும். 1924இல் இங்கே ரயில் வந்து சேர்ந்தது. அதே நிலையத்தில் 2124ஆம் ஆண்டுக்குப் புறப்படும் வண்டி ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகலாம், திரும்ப முடியாது. எத்தனை பேர் ஏறுவார்கள்?

வண்டிதான் கற்பனை, எதிர்காலப் பயணம் முழுக் கற்பனை அல்ல. வேகமாகப் போகிறவருக்குக் காலம் மெதுவாக நகரும் என்று 1905இல் ஐன்ஸ்டைன் காட்டினார். பூமிக்கு மேலே உயர உயரக் கடிகாரம் துளி வேகமாக ஓடும் என்பதும் அவர் கோட்பாடுதான். 6,200 அடிக்கு மேலிருக்கும் பட்டிப்பொலவில் ஒரு கடிகாரமும் சுமார் 2,200 அடியிலிருக்கும் பதுளையில் ஒரு கடிகாரமும் வைத்தால், மேலே இருப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மைக்ரோ செக்கன் முந்தும். ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகக் கூறுபோட்டு அதில் நான்கு! இந்தச் சின்ன வித்தியாசம் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ செக்கன் முந்துகின்றன. அதைத் திருத்தாவிட்டால் நம் கைபேசி வரைபடம் ஊரையே மாற்றிக் காட்டும்.

மனிதர்களும் கொஞ்சம் முன்னே போயிருக்கிறார்கள். ரஷ்ய விண்வெளி வீரர் செர்கெய் கிரிகலேவ் மொத்தம் 803 நாட்கள் விண்ணில் சுற்றினார். அந்த வேகத்தால் அவர் எதிர்காலத்துக்குள் நகர்ந்தது ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் 1991 மே மாதம் சோவியத் ஒன்றியத்திலிருந்து புறப்பட்டவர் 1992 மார்ச்சில் இறங்கியபோது, அனுப்பிய நாடே இல்லை.

நூறு ஆண்டு தாண்ட வேண்டுமென்றால் ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதம் வேண்டும். அப்போது வண்டிக்குள் பத்து ஆண்டு கழியும், பதுளையில் நூறு ஆண்டு ஓடிவிடும். இதுவரை மனிதர் செய்த எந்தக் கலமும் ஒளிவேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. போன பின் பழைய காலத்துக்குத் திரும்ப, தெரிந்த வழி எதுவும் இல்லை.

புராணம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போன ககுத்மி, அங்கே சற்று நேரம் பாட்டுக் கேட்டு நின்றான். அதற்குள் பூமியில் பல யுகங்கள் போய்விட்டன. அவன் மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகளோடு அவர்களின் பேரன்மாரும் மாண்டிருந்தார்கள்.

நாடு கண்முன்னே இல்லாமற்போகும் கதை மலையகத்துக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ஊவாத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களும் நின்ற இடத்திலேயே நாடற்றவர் ஆனார்கள். 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. ஒரே லயத்தில் அண்ணன் கப்பலேற, தம்பி தங்கிய குடும்பங்கள் பல. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

1948இல் ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு அந்த வண்டி கிடைத்திருந்தால், ஒரே எட்டில் 2003இல் இறங்கியிருப்பாள். ஐம்பத்தைந்து ஆண்டு அவமானம் மிச்சம். ஆனால் எல்லோரும் அப்படித் தாண்டியிருந்தால் சங்கம் கட்டியது யார்? வேலைநிறுத்தத்தில் நின்றது யார்? 2003 தானாக வரவில்லை. இடைப்பட்ட வருடங்களை வாழ்ந்து தீர்த்தவர்கள்தான் அதைக் கொண்டுவந்தார்கள்.

அதற்காக வண்டியில் ஏற ஆசைப்படுபவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இங்கே தங்குபவருக்குத்தான் வேலை அதிகம். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே உயிரிழந்தவர்களுக்குத் தேவைப்பட்டது நூறு ஆண்டு எதிர்காலம் அல்ல. சரியாத நிலத்தில் ஒரு வீடும், அதற்கு அவர்கள் பெயரில் ஓர் உறுதிப்பத்திரமும்தான். பதுளை மாவட்டத்தின் பல லயங்களில் குடும்பங்கள் இன்றும் அதற்காகக் காத்திருக்கின்றன. 2124 வரை அவர்களைக் காக்க வைக்கக் கூடாது.