விமானி சாய்ந்தாலும் விமானம் இறங்குகிறது, எமது கடைகள்?

சில வருடங்களுக்கு முன்னர் எமது புடவைக் கடையை நடத்தி வந்த நானா திடீரெனச் சுகவீனமுற்று ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார். வங்கிக்கு வரவிருந்த செக்குகள் எவை, யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள்தான் இருந்தன. கையொப்பமிடும் அதிகாரமும் அவருக்கு மட்டுமே. மூன்றாம் நாள் இரண்டு செக்குகள் திரும்பின. பத்து வருடமாகக் கடனுக்குச் சரக்குத் தந்த மொத்த வியாபாரி ரொக்கம் கேட்கத் தொடங்கினார். நானா சுகமாகி வந்தார். போன நம்பிக்கை வரவில்லை.

ஒருவரை நம்பி நூற்றுக்கணக்கானோர் பறக்கும் விமானத்தில் இதற்கு என்ன ஏற்பாடு என்று அதன் பின்னர்தான் தேடி வாசித்தேன்.

2009 ஜூன் 18 ஆம் திகதி, பிரசல்ஸிலிருந்து அமெரிக்காவின் நியூவார்க் நோக்கி 247 பயணிகளுடன் சென்ற கொன்டினென்டல் நிறுவனத்தின் போயிங் 777 விமானத்தில், 60 வயதான தலைமை விமானி அட்லாண்டிக் சமுத்திரத்தின் மேலே காலமானார். நீண்ட பயணம் என்பதால் மேலதிக விமானி ஒருவரும் இருந்தார். அவர் துணை விமானியுடன் சேர்ந்து விமானத்தை நியூவார்க்கில் பத்திரமாக இறக்கினார்.

இது தற்செயலல்ல. துணை விமானி வெறும் உதவியாளர் அல்லர். விமானத்தைச் செலுத்தவும் இறக்கவும் முழுப் பயிற்சி பெற்றவர். ஒருவர் செலுத்த மற்றவர் கண்காணிப்பார். இரு முறை அழைத்தும் செலுத்துபவரிடமிருந்து சரியான பதில் வராவிட்டால், அவர் இயலாத நிலையில் இருப்பதாகக் கருதி மற்றவர் கட்டுப்பாட்டை எடுக்க வேண்டும். பின்னர் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு அவசர நிலை அறிவிக்கப்படும். சாய்ந்தவரின் உடல் கருவிகளில் படாதவாறு பணிப்பெண்கள் அவரைப் பின்னுக்கு இழுத்து ஆசனப் பட்டியால் இறுக்குவார்கள். இருவருக்கும் ஒரே உணவால் சுகவீனம் வராதிருக்க, பல நிறுவனங்கள் வெவ்வேறு உணவே கொடுக்கின்றன.

இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை பெரிது. 1972 ஆம் ஆண்டு, அதே ஜூன் 18 ஆம் திகதி, லண்டன் ஹீத்ரோவிலிருந்து பிரசல்ஸுக்குப் புறப்பட்ட ட்ரைடன்ட் விமானம் மூன்று நிமிடத்துக்குள் ஸ்டேன்ஸ் நகருக்கருகே விழுந்து 118 பேரும் மாண்டனர். தலைமை விமானிக்கு இருதயக் கோளாறு இருந்ததைப் பிரேத பரிசோதனை காட்டியது. தலைவர் மயங்கி விழாமல், வெளியே தெரியாதவாறு மெல்லத் திறனிழந்தால் என்ன செய்வது என்ற பயிற்சி சிப்பந்திகளுக்கு இல்லாததையும் விசாரணை அறிக்கை காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது.

இரண்டு விமானங்களிலும் பக்கத்தில் ஆள் இருந்தார். பக்கத்தில் ஆள் இருப்பது மட்டும் போதாது என்பதே வியாபாரிகளாகிய நாம் கற்க வேண்டியது. அவருக்கு விபரம் தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பை எடுக்க முன்கூட்டியே அனுமதியும் இருக்க வேண்டும்.

இப்போது எமது செக்குகள் எல்லாம் ஒரு கொப்பியில் பதியப்படுகின்றன. எங்கள் இருவரில் எவரும் கையொப்பமிடலாம். மாதத்தில் ஒரு நாள் நானா வேண்டுமென்றே கடைக்கு வருவதில்லை. முதல் தடவை ஐந்து முறை தொலைபேசி எடுத்தார். போன மாதம் ஒரு முறையும் எடுக்கவில்லை.